குறைந்தது யாருடைய விசுவாசம்?

நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கிறிஸ்தவச் சாவு வீடுகளுக்குப் போனால் அண்மைக் காலமாக ஒரு பேச்சு காதில் விழுகிறது. "விசுவாசம் இருந்திருந்தா பொழைச்சிருப்பா." சொல்பவர் பெரும்பாலும் கெட்டவராக இருப்பதில்லை. இரவிரவாக நோயாளியின் பக்கத்தில் முழந்தாளிட்டு ஜெபித்தவராகவே இருப்பார். ஆனாலும் அந்தச் சொல், பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் மகளின் நெஞ்சில் இறங்கி அவள் உயிரோடு இருக்கும் வரை அங்கேயே கிடக்கும். அம்மா செத்தது முற்றிப்போன சீனி நோயால். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து இருக்காது. நுவரெலியா கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளத்தில் வெட்டு. நோயை முற்றவைத்தவை இவை. பழி மட்டும் செத்தவளின் தலையில்.

இந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு கொள்கை இருக்கிறது. அதை முழு பலத்தோடு எடுத்துச் சொல்லிவிட்டு மறுப்பதே நேர்மை. விசுவாசம் ஒரு வல்லமை. அது போதிய அளவு உள்ளவர், வாயால் அறிக்கை செய்ததைக் கையில் பெறுவார். நோயும் கடனும் தேவனுடைய பிள்ளைகளுக்கு உரியவை அல்ல. கேட்டது கிடைக்கவில்லையென்றால் உள்ளே சந்தேகம் ஒளிந்திருக்கிறது, அல்லது காணிக்கை விதைக்கப்படவில்லை. மலையகத்தில் இன்று விசுவாசம் என்றால் பலரும் விளங்கிக்கொள்வது இதைத்தான். எல்லாப் பெந்தெகொஸ்தே சபைகளும் இப்படிப் போதிப்பதில்லை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்த, கத்தோலிக்கக் கோயில்களிலும் இதே நினைப்போடு மெழுகுதிரி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே நான் எதிர்ப்பது ஒரு சபையை அல்ல, எல்லாச் சபைகளுக்குள்ளும் புகுந்துவிட்ட ஒரு போதனையை.

அது வேதாகமம் அளவுக்குப் பழையதென்று நம்புகிறவர்கள் அதன் பிறப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஈ. டபிள்யூ. கென்யன் எழுதியவற்றை அடியாகக் கொண்டு, கென்னத் ஹேகின் அதைப் பரப்பினார். ஓரல் ராபர்ட்ஸ் காணிக்கையை விதையாகவும் ஆசீர்வாதத்தை அறுவடையாகவும் போதித்தார். இருவருக்கும் மையம் ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரம். அங்கிருந்து தொலைக்காட்சி வழியாகவும் பெரிய மண்டபக் கூட்டங்கள் வழியாகவும் வந்து, இப்போது கைத்தொலைபேசியில் லயத்துக் காம்பராவரை ஏறியிருக்கிறது. நம் பாட்டனும் பூட்டியும் ஞானஸ்நானம் பெற்றபோது கேட்ட விசுவாசம் இதுவல்ல.

அவர்கள் கேட்டதைப் பற்றியும் புனைந்துரைக்க வேண்டாம். 1854இல் தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரில் ஆங்கிலிக்கன் சபையினர் தோட்டங்களில் ஊழியம் தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். கோப்பித் தோட்டத் துரைமார் அதற்குப் பணம் கொடுத்தார்கள். வேதம் கற்ற கூலி குடிக்காமல், ஓடிப்போகாமல், சொன்னதைக் கேட்டு வேலை செய்வான் என்ற கணக்கு அவர்களில் பலருக்கு இருந்திருக்கும். அன்று விசுவாசத்தைப் பணிவாக்கப் பார்த்தார்கள். இன்று அதை வருமானமாக்கப் பார்க்கிறார்கள். இரண்டிலும் தேவன் வேறொன்றைப் பெறுவதற்கான வழியாகிவிடுகிறார்.

மலைநாட்டுக்கு வந்த நம் முன்னோருக்குக் கங்காணி என்ன சொல்லி ஆசை காட்டினான் என்பதைத் தோட்டத்தில் எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்வாள்: தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும். அதை நம்பி, மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தார்கள். தூரின் கீழே மண்தான் இருந்தது. "நீ ஆழமாகத் தோண்டவில்லை" என்று அந்தக் கங்காணிகூடச் சொன்னதாகக் கதை இல்லை. இன்றைய ஆசீர்வாதப் பிரசங்கியார் அதையும் சொல்கிறார்.

இனி அவர்கள் காட்டும் வசனங்களுக்கு வருவோம். ஆதாரமே இல்லாமல் அவர்கள் பேசுவதில்லை. பெரும்பாடுள்ள பெண்ணிடம் அவளுடைய விசுவாசமே அவளைக் குணமாக்கியது என்று இயேசு சொல்கிறார். நாசரேத்தில் அவிசுவாசத்தின் காரணமாக அவரால் பெரிய அற்புதம் செய்ய முடியாமற்போனதாக மாற்கு எழுதுகிறார். யாக்கோபின் நிருபம், விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்கிறது. இவற்றை மழுப்பக்கூடாது. ஆனால் முழுவதும் வாசிக்க வேண்டும்.

நாசரேத்தில் இயேசு குறைகூறியது நோயாளிகளை அல்ல. இவன் தச்சன்தானே என்று அவரை அலட்சியம் செய்த ஊராரை. அந்த ஊரிலும் சில நோயாளிகள்மேல் கைவைத்துக் குணமாக்கினார் என்று அதே வசனம் தொடர்கிறது. யாக்கோபு சொல்லும் ஜெபம் யாருடையது? நோயாளி சபை மூப்பரை அழைக்கிறான். எண்ணெய் பூசி ஜெபிப்பவர்கள் மூப்பர். விசுவாசம் கேட்கப்படுவது ஜெபிக்க வந்தவர்களிடம்! மத்தேயு 17ஆம் அதிகாரம் இன்னும் கூர்மையானது. வலிப்பு நோயுள்ள பிள்ளையைச் சீடர்களால் குணமாக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று தனியே வந்து கேட்கிறார்கள். விசுவாசக் குறைவு என்று இயேசு பதில் சொல்கிறார், சீடர்களைப் பார்த்து. பிள்ளையைப் பார்த்தல்ல, தகப்பனைப் பார்த்தல்ல. சுவிசேஷங்களில் ஒரு குணமாக்கல் தவறிப்போகும் இடம் இது. பழி விழுவது ஊழியக்காரர்மேல். எங்கள் தோட்டங்களில் எண்ணெய்ப் போத்தலோடு வரும் எந்த ஊழியக்காரர், ஜெபம் பலிக்காத மறுநாள், "என் விசுவாசம் குறைந்துவிட்டது, என்னை மன்னியுங்கள்" என்று அந்த வீட்டுக்கு வந்திருக்கிறார்?

அளவைப் பற்றியும் அதே இடத்தில்தான் இயேசு பேசுகிறார். கடுகளவு போதும் என்கிறார். அதை வைத்துக்கொண்டு, "உன் விசுவாசம் இன்னும் பெருக வேண்டும், இன்னும் மூன்று நாள் உபவாசி" என்று மெலிந்த நோயாளியைப் பட்டினி போடுவது எந்த வேதத்தில் இருக்கிறது? பெதஸ்தா குளத்தருகே கிடந்த, 38 ஆண்டுகள் நோயுற்றிருந்தவனுக்குத் தன்னை எழுப்பியவர் யார் என்றே தெரியாது. தன்னைக் கைதுசெய்ய வந்த கூட்டத்தில் காதறுபட்ட வேலைக்காரனை இயேசு தொட்டுக் குணமாக்கினார். அவன் எதிரியின் ஆள். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனின் கதையில், இயேசு பார்த்தது அவனைத் தூக்கிவந்தவர்களின் விசுவாசத்தை. இத்தனை கதைகளையும் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிட்டு, நோயாளியின் கட்டிலருகே மட்டும் எப்படி மறந்துபோகிறோம்?

எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தை விசுவாச வீரர்களின் அட்டவணை என்று மேடையில் வாசிப்பார்கள். ராஜ்யங்களை வென்றவர்களும் சிங்கங்களின் வாயை அடைத்தவர்களும் வருவதுவரை குரல் உயரும். அதற்கப்புறம் கல்லெறியுண்டவர்கள், வாளால் அறுப்புண்டவர்கள், ஆட்டுத்தோலைப் போர்த்துக் குகைகளில் அலைந்தவர்கள் வருகிறார்கள். அதே அட்டவணை, அதே மூச்சு, அதே விசுவாசம். அவர்கள் யாரும் வாக்குத்தத்தம் நிறைவேறியதைக் காணாமலே போனார்கள் என்று முடிக்கிறார் ஆசிரியர். மேடையில் அந்தப் பகுதிக்கு நேரம் போதாமற்போய்விடுகிறது. பவுல் தன் சரீரத்திலிருந்த முள்ளை எடுக்கும்படி மூன்று தரம் கேட்டார், எடுக்கப்படவில்லை. துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவிட்டு வந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்லி எழுதினார். கெத்செமனேயில் மகன் கேட்ட ஜெபமும், கேட்டபடி தரப்படவில்லை. அங்கே விசுவாசம் குறைந்தது யாருக்கு?

சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளோ என்று நினைத்தவர்களை இயேசு அங்கேயே நிறுத்தினார். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த மண்ணின் கீழே சைவர்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாகக் கிடந்தார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது, மாற்றிடம் கொடுக்கப்படவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு நுவரெலியா, பதுளை, கண்டி மலைகள் மறுபடி சரிந்தன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் குண்டுக்குப் பலியானார்கள். அற்புதங்களில் நம்பிக்கையுள்ள, உரக்க ஜெபிக்கிற சபை அது. அந்தப் பிள்ளைகளின் விசுவாசத்தை அளக்க யாருக்காவது நா எழுமா? எழாது. பெரிய சாவுகளின்முன் சொல்லக் கூசுவதை, லயத்துக் காம்பராவில் தனியே செத்த ஒரு கொழுந்துக்காரியைப் பற்றி மட்டும் கூசாமல் சொல்கிறோம்.

மலையகத்தின் வரலாறு முழுவதுமே இந்தப் போதனைக்கு எதிரான சாட்சி. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டபோது 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று மனிதரைப் பங்கு போட்டார்கள். போகக்கூடாது என்று ஜெபித்த குடும்பங்கள் அனுப்பப்பட்டன. தலைமன்னாருக்குப் போக மக்கள் ஏறிய ரயிலுக்கு மலையகம் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தது. 1885இல் நானுஓயாவுக்கு ரயில் வந்தது தேயிலைக்காக; அந்தப் பாதையிலேயே குடும்பங்களையும் பிரித்துக் கொண்டுபோனார்கள். 1974இன் பஞ்சத்தில் தோட்டங்களில் பசியால் செத்தவர்கள் எத்தனை பேர்! நாடற்ற நிலை சட்டப்படி முடிவுக்கு வர 2003 ஆயிற்று. அரைநூற்றாண்டுக்கு மேல் ஜெபம் பலிக்காதவர்கள் நாங்கள். அந்தக் காலமெல்லாம் லயத்துக் கோடியில் குப்பி விளக்கு வைத்து, கிழிந்த பாமாலைப் புத்தகத்திலிருந்து பாடியவர்களுக்கு விசுவாசம் இல்லையென்றால், கிறிஸ்தவத்தில் அந்தச் சொல்லையே கைவிட்டுவிடலாம்.

சுகமாக்கும் வரம் உள்ளவர்களாகப் பேசப்பட்டவர்கள் முன்பும் இருந்தார்கள். சாது சுந்தர் சிங் 1918இல் இலங்கைக்கு வந்தார். அவர் ஜெபித்து ஒரு சிறுவன் குணமானபோது கூட்டம் அவரையே மொய்த்தது. தன் கையில் வல்லமை இருப்பதாக மக்கள் நினைக்கத் தொடங்கியதைக் கண்டு, இனி அவ்வாறு செய்வதில்லை என்று விலகிக்கொண்டார். தோனாவூரில் நூற்றுக்கணக்கான பெண்பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து, 1951இல் சாகும்வரை பெரும்பாலும் அறையிலேயே கிடந்தார். அந்தப் படுக்கையில் புத்தகங்கள் எழுதினார். யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மருந்து விசுவாசத்துக்குப் பகை என்று அவருக்குத் தோன்றவில்லை. மாத்திரையை நிறுத்து, ஜெபம் போதும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்கிறவர்கள் எந்தக் கிறிஸ்தவ மரபிலிருந்து பேசுகிறார்கள்?

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. மனிதன் தன் கிரியைகளால் அல்ல, விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்று ரோமருக்கும் கலாத்தியருக்கும் பவுல் எழுதியதன் நோக்கம், தேவனுக்கு முன்னால் யாரும் மேன்மை பாராட்டக்கூடாது என்பது. கொடுக்க எதுவும் இல்லாதவன் வெறுங்கையை நீட்டுகிறான். அந்த நீட்டுதல்தான் விசுவாசம். அதற்கு அளவுகோல் வைத்து, இவனுக்குப் பத்து, அவளுக்கு மூன்று என்று எடை போட்ட மறுகணமே, விசுவாசத்தையும் ஒரு கிரியையாக்கிவிட்டோம். கொழுந்து நிறுக்கும் தராசு போதாதென்று ஆலயத்திலும் ஒரு தராசு. அன்று முழுக்க மலையில் நின்றும் கிலோ போதாமல் அரைப் பேர் வாங்கியவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை தேவனிடமும் அரைப் பேர்தானா? அவளிடம் எதுவும் கேட்காமல் முழுதாக ஏற்றுக்கொள்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதுதான் நற்செய்தி. அந்தச் செய்தியை அவளிடமிருந்து திருடிவிட்டு, அதே பெயரில் இன்னொன்றை விற்கிறார்கள்.

சைவர்களின் நேர்த்திக்கடனை இந்தப் பிரசங்கியார்கள் கேலி செய்யும்போது எனக்குக் கோபம் வருகிறது. மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்த சைவப் பெண்ணிடம், பிள்ளை பிழைக்கவில்லை என்றபின் பூசாரி போய், உன் நம்பிக்கை பற்றாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவளோடு உட்கார்ந்து அழுவார். நாம் அதைவிட மேலான ஒன்றை அறிந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு, அதைவிட இரக்கமற்ற ஒன்றைச் செய்கிறோம்.

அப்படியானால் விசுவாசம் என்பது என்ன? வலிப்புக்காரப் பிள்ளையின் தகப்பனிடம் போங்கள். நம்புகிறேன் என்றும் என் அவிசுவாசத்துக்கு உதவும் என்றும் ஒரே குரலில் கதறியவன் அவன். சந்தேகத்தை மறைக்கவில்லை. சந்தேகத்தையும் எடுத்துக்கொண்டு இயேசுவிடமே போனான். அது போதுமாயிருந்தது. யோபு தேவனோடு வழக்காடினான், அவரை விட்டுப் போகவில்லை. அவனுடைய துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடித்த நண்பர்களைத்தான் தேவன் கடைசியில் கண்டித்தார். அக்கினிச் சூளைக்குமுன் நின்ற மூன்று வாலிபர், எங்கள் தேவன் விடுவிப்பார் என்றார்கள். விடுவிக்காமற்போனாலும் உன் சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். அந்த இரண்டாவது பாதி இல்லாத விசுவாசத்தை நான் விசுவாசம் என்று ஏற்கமாட்டேன். விளைவு என்னவானாலும் அவரை விடமாட்டேன், அவரும் என்னை விடமாட்டார் என்ற பற்று அது. நெடுநாள் நோய், பிரிவு, அநியாயம் ஆகியவற்றின் நடுவே நிற்கக் கால் தருவது அதுவே. அதனால்தான் அது கிறிஸ்தவ வாழ்வின் அடிப்படை. இது இல்லாமல் பெற்ற அற்புதமும் அடுத்த நோய்வரைதான்.

அந்தப் பற்று சும்மா இருக்கவும் முடியாது. உடையும் உணவும் இல்லாத சகோதரனிடம் சமாதானமாய்ப் போ என்று வாயால் சொல்லி அனுப்பினால் அந்த விசுவாசம் செத்தது என்று எழுதியவரும் அதே யாக்கோபுதான். கண்டியில் 1972இல் சத்தியோதயத்தை நிறுவிய இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ், மலையகத் தமிழருடைய உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் உழைத்தார். சிங்கள, தமிழ்க் கிராமத்தவரை ஒன்றாக உட்காரவைத்தார். அவர் கேட்டதெல்லாம் அவர் காலத்தில் கிடைக்கவில்லை. கிடைக்காததால் அவர் போய்விடவுமில்லை.

எனக்குச் சொல்லப்படும் பதில் எனக்குத் தெரியும். ஒன்றுமில்லாத சனத்துக்கு இருக்கும் ஒரே நம்பிக்கையையும் பறிக்கிறாயே. பழைய கோயில்கள் மாதத்துக்கு ஒரு தரம் எட்டிப்பார்த்தபோது, இரவு பத்து மணிக்கும் மழையில் நனைந்து லயத்துக்கு வந்தது அந்தப் பாஸ்டர்தானே? உண்மை. வந்தார்கள், வராத எங்களுக்கு அது வெட்கம். குடியை விட்ட ஆண்கள் அந்தச் சபைகளில் இருக்கிறார்கள், அடி வாங்காத மனைவிகள் இருக்கிறார்கள். குணமடைந்தவர்களும் இருக்கிறார்கள், அற்புதமே நடக்காது என்று நான் சொல்லவில்லை. நோயாளிக்காக நானும் ஜெபிக்கிறேன், குணத்தைக் கேட்டே ஜெபிக்கிறேன். மழையில் வந்த அந்த அன்பை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும், இன்னும் பெருக்கட்டும். ஆனால் ஜெபம் கேட்கப்படாத வீட்டில் பழியை விட்டுவிட்டுப் போகும் நம்பிக்கையை நம்பிக்கை என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வீட்டில் அடுத்தடுத்த ஞாயிறுகளில் நடப்பதை நான் பார்க்கிறேன். மகள் சபைக்கு வருவதை நிறுத்துகிறாள். அவள் தேவனை விட்டுவிடவில்லை. தன்னைத் தேவன் விட்டுவிட்டார் என்று நம்பவைக்கப்பட்டிருக்கிறாள்.

ஆகவே போதகர்களிடமும் மூப்பர்களிடமும் நேராகக் கேட்கிறேன். நோயாளியின் விசுவாசத்தைப் பரிசோதிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ஜெபித்து முடித்ததும் அடுத்த கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள். அந்த நாளுக்கு அவளோடு போக ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள், இழக்கும் பேருக்குச் சபைக் காணிக்கையிலிருந்து கொடுங்கள். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றில் விதை விதைக்கச் சொல்லும் பிரசங்கத்தைக் கைவிடுங்கள். சாட்சி நேரத்தில் சுகமானவர்களை மட்டும் மேடைக்கு அழைக்காதீர்கள். சுகமாகாதவரையும், பிள்ளையைப் பறிகொடுத்து இன்னும் ஆலயத்துக்கு வருகிறவளையும் அழையுங்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று சபை முழுவதும் கேட்கட்டும், இடையில் யாரும் அல்லேலூயா சொல்லி அவளை முடிக்கவிடாமல் செய்யாமல்.